தள்ளி நில்லு, மாப்பிள்ளை

அவரை எல்லோரும் மாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு மாடியும் கிடையாது. குடியிருந்த வாடகை வீடுகூடத் தரைத்தளம்தான். ஆனால் எந்தக் கட்டடம் எழும்பினாலும் அதற்கும் மேலே, டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் அவர். காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் மண்ணை மிதிப்பார். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீரும் அவரோடு மேலே போய்விடும். மற்ற அவசரத்துக்கு ஒரு காலி பாட்டில்.

"என்ன மாடிக்காரரே, மேல மழையா? எங்களுக்கு எப்ப அனுப்புவீங்க?" என்று கீழேயிருந்து வாக்கிடாக்கியில் யாராவது வம்புக்கு இழுப்பார்கள்.

"மனு குடுத்திருக்கேன். பரிசீலனையில இருக்கு" என்பார்.

தரையில் அவருக்கு இந்தப் பேச்செல்லாம் வராது. கல்யாண வீடுகளில் சுவரோரமாக நிற்பார், யாராவது குசலம் விசாரித்தால் "ம்" என்பார். மேலே போனால் ஆளே வேறு. இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அந்த நீண்ட இரும்புக் கை அவருடைய கையாகிவிடும். தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கினாலும் ஒரு சொட்டு சிந்தாது என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

அவருக்குக் கண் கீழே இருந்தது. சுமை எங்கே இறங்குகிறது, கட்டடத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் கூண்டிலிருந்து தெரியாது. கீழே நின்று கையைக் காட்டியும் வாக்கிடாக்கியில் சொல்லியும் வழிநடத்தும் சிக்னல்காரர் சொல்வதுதான் சட்டம். அந்தச் சிக்னல்காரர் வேறு யாருமில்லை, அவருடைய தங்கச்சி புருஷன். வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் தாங்குவார்கள். "வாங்க மாப்பிள்ளை", "நீங்க முதல்ல உக்காருங்க மச்சான்" என்று நாற்காலிக்கே பெரிய உபசாரம் நடக்கும். வேலையில் அது செல்லாது. சுமை அந்தரத்தில் தொங்கும்போது மரியாதைக்கு நேரம் ஏது? "ஏத்து. மெல்ல. இடது. இறக்கு. நிறுத்து." பெண் கொடுத்த மச்சானை மாப்பிள்ளை நாள் முழுக்க ஒருமையில் விரட்டுவார். மச்சானும் சொன்ன சொல்லுக்கு அசைவார்.

சிக்னல்காரர் ஒருவர் பேச்சைத்தான் கிரேன் கேட்கும். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் விலக்கு. "நிறுத்து" என்பதை யாரும் சொல்லலாம். டீ கொண்டுவருகிறவர், கூட்டுகிறவர், வழி தெரியாமல் உள்ளே வந்தவர், யார் சொன்னாலும் கொக்கி நின்றாக வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகு.

மாடிக்காரர் குடும்பத்தில் தலைவலி ஒரு நிரந்தர விருந்தாளி. அப்பாவுக்கு இருந்தது, இவருக்கும் தங்கச்சிக்கும் இருந்தது. "எங்க அப்பா வீடு வாசல் எழுதி வைக்கல, தலைவலியத்தான் சரிசமமா பிரிச்சுக் குடுத்தாரு" என்று தங்கச்சி சிரிப்பாள். அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். மாத்திரைக்குக் குடும்பமே அவளிடம்தான் கை நீட்டும்.

ஒருநாள் மதியம் அவள் கடையிலிருந்து புருஷனுக்குப் போன் செய்தாள். "இது வேற மாதிரி இருக்குங்க. யாரோ பின்னாலேர்ந்து ஓங்கி அடிச்ச மாதிரி."

"உங்க வீட்டுத் தலைவலியில ஏது வேற மாதிரி? ஒண்ணு போட்டுட்டுக் கொஞ்ச நேரம் படு" என்றார் மாப்பிள்ளை. போனை வைத்துவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தார். "மச்சான், உங்க தங்கச்சிக்குத் தலைவலியில புது ரகம் வந்திருக்காம்."

மேலே மாடிக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிறகு அவருக்குச் சாப்பிடும்போதும் கேட்டது, பல் தேய்க்கும்போதும் கேட்டது.

கடையின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. பிறகு அதையும் நிறுத்தினார்கள்.

மூளை மருத்துவர் மாடிக்காரர் வயதையொத்த பெண்மணி. இரண்டு ஆண்களையும் உட்காரவைத்து, தன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்திக் காட்டினார். "மூளையோட முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டு போக இடது ஒண்ணு, வலது ஒண்ணுன்னு ரெண்டு குழாய் இருக்கும். இவங்களுக்கு ரெண்டும் ஒண்ணா சேர்ந்து ஒரே குழாயா மேல போயிருக்கு. பிறக்கும்போதே அமைஞ்சது. அபூர்வம்."

"அது நோயா டாக்டர்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அதுவே நோய் இல்ல. அப்படி இருந்தும் ஒண்ணும் ஆகாம முழு ஆயுசு வாழறவங்க உண்டு. ஆனா அந்த ஒத்தைக் குழாய் மறுபடி ரெண்டா பிரியற இடத்துல ரத்தம் வேகமா மோதும். அங்க சுவர் மெலிஞ்சு குமிழ் மாதிரி புடைக்கலாம். இவங்களுக்குப் புடைச்சிருக்கு. வெடிச்சிருக்கு." விரல்களை மடக்கிக்கொண்டார். "கூடப்பிறந்தவர் நீங்கதானே? நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடறது நல்லது."

எடுத்தார். ஸ்கேன் இயந்திரத்தின் குறுகிய குழாய்க்குள் மற்றவர்கள் மூச்சுமுட்டி அலறுவார்களாம். அவருக்குக் கூண்டுப் பழக்கம், பேசாமல் கிடந்தார். முடிவு சொல்லும்போது மருத்துவர் விரல் எதுவும் காட்டவில்லை.

"அதே அமைப்பு. அதே இடத்துல ஒரு சின்னக் குமிழ். மிளகு அளவுதான். வேற யாருக்காவது இருந்தா கொஞ்ச நாள் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். உங்க தங்கச்சிக்கு ஆனதுக்கப்புறம் எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரல."

அறுவை செய்து குமிழின் கழுத்தில் ஒரு கிளிப் போடலாம். ஆனால் அங்கே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே குழாய். ஏதாவது பிசகினால் இரண்டு பக்கமும் அடிபடும். கால் பலவீனமாகலாம். "சிலருக்குத் தானா எதையும் செய்யணும்ங்கிற உந்துதலே போயிடும். எல்லாம் தெரியும், புரியும். ஆனா கிளம்ப மாட்டாங்க."

"ஆபரேஷனுக்கு அப்புறம் மேல ஏறலாமா?"

"முதல்ல இப்ப ஏறக் கூடாது. மேல இருக்கும்போது வெடிச்சா? உங்களுக்குக் கீழ நிக்கிறவங்களையும் நினைச்சுப் பாருங்க." எழுந்தவரை மருத்துவர் மறுபடி உட்காரச் சொன்னார். "இன்னொண்ணு. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு இருக்கு. உங்க தங்கச்சி பொண்ணையும் கட்டாயம் பாக்கணும். அவ அப்பாகிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

தங்கச்சி மகள் உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். வளர்ந்த பிறகும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான்.

மறுநாள் காலையில் ஏணியடியில் மாப்பிள்ளை காத்திருந்தார். முகத்தில் தூக்கமில்லை. "என்ன மச்சான் சொன்னாங்க?"

சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொன்னால் அந்த நிமிடமே பாதுகாப்பு அதிகாரி ஏணிக்குப் பூட்டுப் போட்டுவிடுவார். மேலே கூண்டின் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. பிறகு அவர் யார்? சுவரோரமாக நின்று "ம்" சொல்கிற ஒரு ஆள்.

"சுத்தம்" என்றார். "ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சுவிட்டார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மச்சான். பாப்பாவுக்கும் பாக்கணுமேன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடந்தது. கூடப்பிறந்த உங்களுக்கே இல்லன்னா அவளுக்கு எங்கேர்ந்து வரப்போவுது?"

இல்லை, அவளைப் பார்க்கணும் என்று சொல்ல அப்போதும் இடமிருந்தது. "நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

விஷயம் தெரிந்தது மனைவிக்கு மட்டும். அவள் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாளெல்லாம் ஆவியில் நின்றுவிட்டு வந்து, முகம் துடைத்த துண்டோடு சமையலறை வாசலில் நின்று கேட்பாள்.

"இன்னைக்காவது சொன்னீங்களா?"

"இந்தக் கட்டடம் முடியட்டும்."

"கட்டடம் முடியறவரைக்கும் காத்திருக்கேன்னு அது உங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கா?"

"மிளகு அளவுதான்டி. எத்தனை வருஷமா இருக்கோ. இவ்வளவு நாள் வெடிக்காதது இப்பவா வெடிக்கும்?"

"உங்க தங்கச்சிக்கும் அது அவ பொறந்த வருஷத்துலயா வெடிச்சது?" துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "நீங்க மேலேர்ந்து விழுந்தா தனியா விழ மாட்டீங்க. அந்த மனுஷன் கீழ நிக்கிறாரு. பொண்டாட்டியத்தான் குடுத்தாச்சு, அவரையும் குடுக்கணுமா? புள்ளைக்கு அப்புறம் யாரு?"

"நான் பாத்துக்கறேன்."

"எதை? உங்க தலைக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க எதை வெச்சுப் பாப்பீங்க?"

அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். அவருக்குக் கனம் தலையில் இருந்தது. முன்பெல்லாம் யோசிக்காமல் அசைந்த கை இப்போது ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு அசைந்தது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து விழுங்கினார். ஏணியில் பாதியில் நின்று நெற்றிப்பொட்டில் விரல் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும்விட, கீழே மாப்பிள்ளை நிற்கிற இடம் அவரைப் படுத்தியது. கம்பிக் கட்டோ சுவர்ப் பலகையோ கொக்கியில் ஏறியதும் அவர் கண் சுமையை விட்டுவிட்டு அந்த மஞ்சள் தொப்பியைத் தேடும்.

"தள்ளி நில்லு, மாப்பிள்ளை."

"சரியாத்தான் நிக்கிறேன் மச்சான்."

"இன்னும் தள்ளி."

"இன்னும் தள்ளினா எனக்குக் கொக்கி தெரியாது!"

சுமை தலைக்கு மேல் வரும் வழியில் சிக்னல்காரர் நிற்கவே மாட்டார். அது மாடிக்காரருக்குத் தெரியாதா? ஆனால் கைப்பிடி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத ஒருவருக்கு எல்லா இடமும் சுமையின் வழிதான். நாளாக ஆக மாப்பிள்ளையை அவர் வேலியோரம்வரை விரட்டினார். கம்பி கட்டுகிறவர்கள் சிரித்தார்கள். "மாடிக்காரருக்குத் திடீர்னு மாப்பிள்ளை மேல என்ன இவ்வளவு பாசம்? விட்டா கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டிடுவாரு போல."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு மாலை ஏணியடியில் கேட்டார். "என் வேலையில ஏதாவது குறையா மச்சான்? அவ போனதுக்கப்புறம் நான் கவனமில்லாம நிக்கிறேன்னு நினைக்கிறீங்களா?"

"சேச்சே. காத்து ஜாஸ்தியா இருக்கு, அதான்."

அன்று இலைகூட அசையவில்லை. மாப்பிள்ளை ஒருமுறை மரத்தைப் பார்த்தார், ஒருமுறை அவரைப் பார்த்தார்.

மேல்தளத்துக்குக் கம்பி ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். கட்டு தரையைவிட்டுக் கிளம்பி ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. வாக்கிடாக்கி கரகரத்தது.

"மச்சான், ஸ்கூல்லேர்ந்து போன். பாப்பாவுக்குத் தலைவலியாம், வாந்தி எடுத்தாளாம். உங்க குடும்பச் சொத்துல அவ பங்கும் வந்து சேந்துடுச்சு." சிரிக்கப் பார்த்த குரல் நடுவில் உடைந்து, மறுபடி சமாளித்தது. "முன்ன மாதிரின்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியிருப்பேன். நீங்கதான் சுத்தம்னு வந்துட்டீங்களே. படுக்க வைக்கச் சொல்லிட்டேன். சரி, ஏத்து. மெல்ல."

கட்டு ஏறவில்லை.

"ஏத்துன்னேன் மச்சான்."

கட்டு இறங்கியது. சொல்லாமல் இறங்கியது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நடக்காத காரியம். மரக்கட்டைகள் மேல் கம்பி சத்தமில்லாமல் அமர்ந்து, கொக்கியின் கயிறு தளர்ந்தது.

"இறக்கச் சொன்னது யாரு?" கீழே மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார்.

"நிறுத்து" என்றார் மாடிக்காரர்.

அந்தச் சொல் எப்போதும் கீழேயிருந்து மேலே போகிற சொல். மேலேயிருந்து யாரும் கேட்டதில்லை. கம்பிக்காரர்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். வாக்கிடாக்கி வைத்திருந்த எல்லோருக்கும் அந்தக் குரல் போய்க்கொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"மாப்பிள்ளை, சுத்தம் இல்ல. நான் பொய் சொன்னேன். தங்கச்சிக்கு இருந்தது எனக்கும் இருக்கு. அதே குழாய், அதே இடத்துல குமிழ். பாப்பாவையும் பாக்கணும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாங்க. படுக்க வைக்காத. தூக்கிட்டு ஓடு."

அந்த உயரத்திலிருந்து மாப்பிள்ளை ஒரு மஞ்சள் புள்ளி. புள்ளி அசையவில்லை.

"அன்னைக்கேவா?" என்றது வாக்கிடாக்கி.

"அன்னைக்கே."

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்து வேகமாக வெட்டினார். எல்லாவற்றையும் நிறுத்து என்பதற்கான சைகை. சுமை தரையில்தான் இருந்தது, நிறுத்த ஒன்றுமில்லை. ஆனாலும் மாடிக்காரர் பழக்கப்படி இயந்திரத்தை அணைத்தார். மாப்பிள்ளை வாசலை நோக்கி ஓடுவது தெரிந்தது. தொப்பி வழியில் விழுந்தது.

அவரைத் தனியாக ஏணி இறங்கப் பாதுகாப்பு அதிகாரி விடவில்லை. இரண்டு பேர் ஏறிவந்து, இடுப்பில் கயிறு கட்டி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக அவரை இறக்கினார்கள். "காலை வையுங்க சார், அடுத்த படி, ஆங், மெல்ல." மாப்பிள்ளையின் இடத்தில் யாரோ ஒரு புதியவர் வாக்கிடாக்கியில் சிக்னல் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பா கூண்டிலேயே தங்கிவிட்டது.

பாப்பாவுக்கு அன்று வந்தது சாதாரணக் காய்ச்சல். ஆனால் ஸ்கேனில் இருந்தது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் இருந்த அதே ஒற்றைக் குழாய். குமிழ் இல்லை, இதுவரை இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆயுசுக்கும். இதை மாடிக்காரருக்குச் சொன்னது மருத்துவர். மாப்பிள்ளை சொல்லவில்லை. மாப்பிள்ளை அவரிடம் எதுவுமே பேசவில்லை. அறுவை நடந்த அன்று வராந்தாவின் மறுகோடியில் வந்து உட்கார்ந்திருந்தார். முடிந்தது என்று கேட்டதும் எழுந்து போய்விட்டார்.

கிளிப் சரியாக உட்கார்ந்தது. குமிழ் அடைபட்டது. ஆனால் அதன் அருகே பிரிந்த குழாய்களில் ரத்தம் சில மணி நேரம் தயங்கிவிட்டது என்றார்கள். இரண்டு பக்கமும். மருத்துவர் பயந்தது எதுவோ அது.

உயிர் தங்கியது. வலது கால் இழுத்தது. கால் ஒரு விஷயமே இல்லை. மாடிக்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்த்தினால் உட்கார்ந்திருந்தார். தட்டை முன்னால் வைத்தால் தட்டைப் பார்த்தார். கேட்டதற்கு நெடுநேரம் கழித்து ஒரு சொல் வரும், சில சமயம் அதுவும் வராது. அவருக்கு வருத்தமில்லை, வலியில்லை. எல்லாம் விளங்கியது. சுமை கட்டியாகிவிட்டது, கொக்கி மாட்டியாகிவிட்டது, கை கைப்பிடியில் இருக்கிறது. கீழேயிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருங்க, குளிக்கலாம்" என்பாள் மனைவி. எழுந்திருக்கலாம் என்றுதான் அவரும் நினைப்பார். நினைப்பு அங்கேயே நிற்கும். "ஏங்க, உங்களைத்தான். சண்டையாவது போடுங்களேன். என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தைக்கு ஒம்பது வார்த்தை பேசின மனுஷன்." அக்குளில் கை கொடுத்துத் தூக்குவாள். கல்லாய்க் கனத்தது உடம்பு. இஸ்திரிப் பெட்டி தூக்கிப் பழகிய கைக்கே அது முடியாது. சில நாள் பாதி தூக்கிவிட்டுத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள்.

அப்படி நின்ற ஒரு மாலையில் மாப்பிள்ளை வந்தார். கையில் கூண்டில் கிடந்த சாப்பாட்டு டப்பா. பின்னால் பாப்பா. டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடத்தான் வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கொஞ்சம் புடிங்கண்ணே" என்றாள் அவள், முகத்தைக் காட்டாமல்.

மாப்பிள்ளை போய் எதிரே நின்றார். "எழுந்திருங்க மச்சான்."

ஒன்றும் நடக்கவில்லை.

"மச்சான், எழுந்திருங்க. அவங்களைப் பாருங்க."

மாடிக்காரர் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்த கோபமெல்லாம் தொண்டைக்கு வந்து, வெளியே வரும்போது பழைய வேலைக் குரலாக வந்தது.

"ஏத்து!"

நாற்காலியின் கைப்பிடியில் இருந்த விரல்கள் இறுகின.

அவள் சட்டென்று தலை தூக்கிப் பார்த்தாள். மாப்பிள்ளை ஒரு அடி பின்வாங்கி, உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தினார். "ஏத்து. மெல்ல. மெல்ல. இன்னும்." மாடிக்காரர் எழுந்தார். ஆடி, சாய்ந்து, நிமிர்ந்தார். "நிறுத்து." நின்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆண்டவனே. நான் சொன்னா அசையலையே அண்ணே."

"நீங்க கெஞ்சுறீங்க" என்றார் மாப்பிள்ளை. குரலில் இளக்கமே இல்லை. "இவரு மேல எனக்கு இருக்கிற கோவம் இருக்கத்தான் இருக்கு. அது வேற. குளிக்கிற ரூம் எந்தப் பக்கம்?"

அதன் பிறகு வேலை முடிந்து தினமும் வந்தார். வேறு பேச்சு இல்லை. நலம் விசாரிக்கவில்லை, பாப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. வாசலில் நின்று இடது, வலது, மெல்ல என்று சொல்லி அவரைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, படுக்க வைத்துவிட்டுப் போனார். அவர் வராத நாளில் மாடிக்காரர் நாற்காலியிலேயே இருந்தார். பாப்பா ஓரமாக நின்று பார்ப்பாள். மாமாவை அல்ல, மாமாவின் தலையில் முடி முளைக்காத தையல் கோட்டை.

ஒருநாள் கூடத்தின் நடுவில் வலது கால் மடங்கியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், மாப்பிள்ளை நின்றிருந்தார். மாடிக்காரரின் உதடு அசைந்தது. யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், அறுவைக்குப் பிறகு அவராக எடுத்த முதல் சொல்.

"தள்ளி."

மாப்பிள்ளைக்குக் கேட்டது. முகம் மாறவில்லை. நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை. சாய்ந்து வந்த உடம்பை நெஞ்சில் வாங்கி, இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தினார்.

"நிறுத்துன்னு நான் சொல்லல" என்றார். "இன்னும் ஒரு அடி."